வீட்டுக் கணக்கில் தொலையும் மகள்கள்

பொருளாதாரம் வளர்ந்தால் பெண்களின் நிலை தானாகவே உயர்ந்துவிடும் என்றொரு நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. வருமானம் கூடும், பள்ளிகள் பெருகும், குடும்பங்கள் சிறிதாகும். அதன் போக்கில் பழைய பாகுபாடுகள் மெல்லக் கரையும் என்பது அதன் சாரம். இந்தியாவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்போ வேறொரு செய்தியைச் சொல்கிறது. ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 1961-இல் 976 பெண் குழந்தைகள் இருந்தனர். 1991-இல் அந்த எண்ணிக்கை 945, 2001-இல் 927, 2011-இல் 920-க்கும் கீழே இறங்கியது. இந்த ஐம்பது ஆண்டுகளில் எழுத்தறிவு உயர்ந்தது, ஆயுள் நீண்டது, பஞ்சங்கள் மறைந்தன. ஆனாலும் பெண் குழந்தைகளின் விகிதம் சரிந்துகொண்டே வந்தது.

உலகில் இருந்திருக்க வேண்டிய பத்துக் கோடிக்கும் மேற்பட்ட பெண்கள் இல்லாமல் போயிருக்கிறார்கள் என்று பொருளாதார அறிஞர் அமர்த்திய சென் 1990-இல் எழுதியபோது, பாகுபாட்டின் மொத்த விலை உலகின் கண்ணுக்குப் புலப்பட்டது. அவருக்குப் பின் வந்த தலைமுறைப் பொருளியலாளர்கள் அடுத்த கேள்வியை எடுத்துக்கொண்டனர். இந்த இழப்பு எந்தத் தருணத்தில், யாருடைய எந்த முடிவினால் நேர்கிறது? இந்தக் கேள்வியை விடாது பின்தொடர்ந்தவர்களுள் ஒருவர், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் சீமா ஜெயச்சந்திரன். வளரும் நாடுகளில் பாலினம், உடல்நலம், கல்வி ஆகிய மூன்றும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதே அவரது ஆய்வுகளின் களம். மகள்கள் மீதான வெறுப்பைத் தேடிப் போன இடங்களில் பெரும்பாலும் அவர் கண்டது, சாதாரணக் குடும்பங்கள் போடும் சாதாரணக் கணக்குகளைத்தான். நாம் அஞ்ச வேண்டியதும் அந்தச் சாதாரணத்தன்மையைக் கண்டே.

தாய்ப்பாலுக்குள் ஒரு கணக்கு

இந்தியாவில் ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகள் குறைந்த காலமே தாய்ப்பால் பெறுகின்றனர். மகளுக்குப் பால் கொடுக்கத் தாய்க்கு மனமில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது எளிது. சீமா ஜெயச்சந்திரனும் இல்யானா குசியெம்கோவும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு விளக்கத்தை முன்வைத்தது. பாலூட்டும் காலத்தில் அடுத்த கருத்தரிப்பு இயற்கையாகவே தள்ளிப்போகிறது; மீண்டும் கருவுற்றால் தாய்மார்கள் வழக்கமாகப் பாலை நிறுத்திவிடுகின்றனர். மகன் வேண்டும் என்று விரும்பும் குடும்பத்தில் மகள் பிறந்தால், அடுத்த முயற்சி விரைவில் தொடங்குகிறது. கைக்குழந்தையான மகளின் பால் அதனால் சீக்கிரமே நின்றுபோகிறது.

இதுதான் உண்மையான காரணமென்றால் சில தடயங்கள் தரவுகளில் இருந்தாக வேண்டும். அண்ணன் இல்லாத குழந்தைகளே குறைவாகப் பால் பெற வேண்டும். பெற்றோர் போதும் என்று நினைக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை நெருங்கும்போது மகனுக்கும் மகளுக்குமான இடைவெளி மிக விரிந்திருக்க வேண்டும். ஏனெனில், நிறுத்துவதா தொடர்வதா என்பதைப் பிறந்த குழந்தையின் பாலினம் தீர்மானிப்பது அந்த இடத்தில்தான். இந்தியத் தரவுகள் இவை ஒவ்வொன்றையும் உறுதிசெய்தன. குழந்தைகள் உயிர் பிழைக்கும் விகிதத்திலும் இதே சாயல் தெரிந்தது. தாய்ப்பாலுக்கு மாற்றாகக் கொடுக்கப்படும் நீரும் உணவும் சுகாதாரமற்று இருக்கும் சூழலில் அது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது.

இதில் வேண்டுமென்றே தீங்கு செய்தவர் என்று யாரையும் சுட்ட முடியாது. தாய் தன் மகளை நேசிக்கவே செய்கிறாள். அடுத்த குழந்தைக்கான எதிர்பார்ப்பு, கையிலிருக்கும் குழந்தையின் உணவைச் சுருக்கிவிடுகிறது. சட்டத்தால் தண்டிக்க முடியாத, அண்டை வீட்டாரின் கண்ணில் படாத பாகுபாடு இது.

முதல் பிள்ளைக்குப் பிறகு

இரண்டாவது ஆய்வு, வல்லுநர்களை நெடுநாள் குழப்பிய ஒரு புதிரைப் பற்றியது. சகாராவுக்குத் தெற்கே உள்ள பல ஆப்பிரிக்க நாடுகள் இந்தியாவைவிட ஏழ்மையானவை. ஆயினும் அந்நாடுகளின் குழந்தைகளைவிட இந்தியக் குழந்தைகள் சராசரியாக உயரம் குறைந்தவர்கள். உயரக் குறைவு வெறும் தோற்றம் பற்றிய செய்தியன்று. கருவிலும் முதல் சில ஆண்டுகளிலும் குழந்தைக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பதன் பதிவு அது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்.

ரோகிணி பாண்டேயுடன் இணைந்து 1,68,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்து, 2017-இல் சீமா வெளியிட்ட கட்டுரை இந்தப் புதிரைப் பிறப்பு வரிசையின் வழியே அணுகியது. முதல் குழந்தையை ஒப்பிட்டால் இந்தியா பின்தங்கியிருக்கவில்லை. இரண்டாவது குழந்தையில் இடைவெளி தோன்றுகிறது. மூன்றாவதில் மேலும் விரிகிறது. மூத்த மகனுக்குக் கொடுக்கப்படும் முன்னுரிமையே இதன் வேர் என்பது ஆய்வாளர்களின் வாதம். மகன் விருப்பம் மிகுந்த பகுதிகளில் இந்தச் சரிவு செங்குத்தாக இருக்கிறது. இந்தியா - ஆப்பிரிக்கா உயர இடைவெளியில் பாதிக்கும் மேற்பட்டதை இது விளக்கக்கூடும் என்பது அவர்களின் மதிப்பீடு.

மகனுக்காகக் காத்திருக்கும் குடும்பம், திட்டமிட்டதைவிட அதிகக் குழந்தைகளைப் பெறுகிறது. வருமானமோ உயர்வதில்லை. மகன் பிறந்த பிறகு வரும் குழந்தைக்குக் கருவிலேயே கவனம் குறைகிறது. இவ்வாறு, மகன் விருப்பத்தின் விலையை மகள்கள் மட்டும் செலுத்துவதில்லை. பிந்திப் பிறந்த மகன்களும் செலுத்துகின்றனர்.

இந்த விளக்கம் விவாதத்துக்கு அப்பாற்பட்டதன்று. திறந்தவெளியில் மலம் கழிக்கும் பழக்கத்தால் பரவும் குடல் நோய்களே இந்தியக் குழந்தைகளின் வளர்ச்சியைத் தடுப்பவற்றுள் முதன்மையானவை என்று டீன் ஸ்பியர்ஸ் உள்ளிட்டோர் வாதிடுகின்றனர். தரவுகளில் எந்தெந்தக் குடும்பங்கள் இடம்பெறுகின்றன என்பதைக் கொண்டு பிறப்பு வரிசை வாதத்தையும் அவர்கள் கேள்விக்குள்ளாக்கியிருக்கின்றனர். இரு காரணங்களும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல. கழிப்பறை கட்டுவது ஊரின் வேலை. ஒரே அடுப்பில் சமைத்த உணவு யார் தட்டில் எவ்வளவு விழுகிறது என்பது வீட்டின் வேலை. பின்னதைப் பற்றிப் பேசத்தான் அரசின் திட்டங்கள் தயங்குகின்றன.

சிறிய குடும்பம் என்னும் நெருக்கடி

முன்னேற்றமே சில வேளைகளில் பாகுபாட்டைக் கூர்மையாக்கக் கூடும் என்பது சீமாவின் ஆய்வுகள் சொல்லும் மிகச் சங்கடமான செய்தி. இதைப் புரிந்துகொள்ளப் பள்ளிக்கூடக் கணக்கே போதும். ஒரு தம்பதிக்கு மூன்று குழந்தைகள் பிறந்தால், மூவருமே மகள்களாக அமையும் வாய்ப்பு ஏறக்குறைய எட்டில் ஒன்று. இரண்டு குழந்தைகள் என்றால் நான்கில் ஒன்று. ஒரே குழந்தை என்றால் இரண்டில் ஒன்று. ஒரு மகனாவது வேண்டும் என்ற எண்ணம் இம்மியும் மாறாமல், குழந்தைகளின் எண்ணிக்கை மட்டும் குறைந்தால் என்ன நேரும்? இயற்கையிடம் விட்டுவைக்கத் துணியும் குடும்பங்கள் குறையும். கருவின் பாலினத்தைக் கண்டறியும் தொழில்நுட்பம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் விளைவு என்ன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதை அளப்பது எளிதன்று. பெரிய குடும்பத்தை விரும்புவோரும் சிறிய குடும்பத்தை விரும்புவோரும் அடிப்படையிலேயே வேறுபட்ட மனப்பாங்கு உடையவர்கள். இரு தரப்பையும் நேரடியாக ஒப்பிட்டால் தவறான முடிவே கிடைக்கும். ஆகவே சீமா, ஹரியாணாவில் நடத்திய கணக்கெடுப்பில் கேள்வியை மாற்றிக் கேட்டார். குழந்தைகளின் மொத்த எண்ணிக்கையைக் குலுக்கல் முறையில் அவரே நிர்ணயித்துக்கொண்டு, அவர்களுள் எத்தனை பேர் மகன்களாகவும் எத்தனை பேர் மகள்களாகவும் இருக்க வேண்டும் என்று வினவினார். எண்ணிக்கை குறையக் குறைய, விரும்பப்படும் மகன்களின் விகிதம் விரைந்து ஏறியது. இந்தியாவின் பாலின விகிதம் அண்மைப் பத்தாண்டுகளில் ஆண்கள் பக்கம் மேலும் சாய்ந்ததில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை, குடும்பங்கள் சிறுத்ததனால் நேர்ந்தது என்பது அவரது 2017 கட்டுரையின் முடிவு.

இந்தியாவில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 1992-93-இல் 3.4, 2019-21-இல் 2.0. இந்த மாற்றத்தைப் பெண்களின் உடல்நலத்துக்கும் விடுதலைக்கும் கிடைத்த வெற்றியாகவே கொள்ள வேண்டும், அதில் ஐயமில்லை. குடும்பத்தின் அளவை மாற்றிய வேகத்தில் மகனைப் பற்றிய எண்ணத்தை மாற்ற நாம் முயலவில்லை என்பதுதான் குறை. தமிழ்நாடு இந்தப் பாதையில் முன்னே சென்ற மாநிலம். இங்கு அந்தச் சராசரி 1.8. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டிய நிலையும் இதே மாநிலத்துக்குத்தான் வாய்த்தது. சமூக வளர்ச்சிக் குறியீடுகளில் முன்னிற்பது மட்டுமே மகள்களுக்குக் காப்பாகிவிடாது என்பதற்கு வேறு சான்று தேடிப்போக வேண்டியதில்லை.

இலங்கை தந்த பாடம்

வீட்டுக் கணக்கு எப்போதும் மகள்களுக்கு எதிராகவே முடிய வேண்டும் என்பதில்லை. சூழல் மாறினால் அதே கணக்கு அவர்களுக்குச் சாதகமாகவும் திரும்பும். இதற்கான மிக அழகிய சான்று இலங்கையிலிருந்து கிடைத்தது. அட்ரியானா லெராஸ்-முனியுடன் சேர்ந்து 2009-இல் சீமா வெளியிட்ட ஆய்வு அது.

1946 முதல் 1953 வரையிலான ஏழே ஆண்டுகளில் இலங்கையில் பேறுகால மரண ஆபத்து 70 சதவீதம் குறைந்தது. மகப்பேற்று மனைகளும் மருத்துவமனைகளும் பெருகின. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் சிற்றூர்களுக்குச் சென்றனர். நோயாளர் ஊர்திகள் வந்தன. பெனிசிலின் போன்ற புதிய மருந்துகள் கிடைத்தன. இதனால் காப்பாற்றப்பட்டவர்கள் தாய்மார்கள். ஆனால், பள்ளி செல்லும் வயதிலிருந்த சிறுமிகளின் எதிர்காலமும் இதனால் மாறிற்று. பிரசவத்தில் இறந்துபோகக்கூடும் என்ற அச்சம் குறைந்தபோது, 15 வயதுப் பெண்ணின் எதிர்பார்க்கப்படும் ஆயுள் 4.1 சதவீதம் கூடியது.

சிறுமிகளின் அன்றைய உடல்நலத்தில் இதனால் நேரடி மாற்றம் ஏதுமில்லை. மாறியது அவர்கள் எவ்வளவு காலம் வாழ்வார்கள் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே. நீண்ட காலம் வாழப்போகும் பிள்ளையின் படிப்புக்குச் செய்யும் செலவு நீண்ட காலம் பயன் தரும் என்பதைப் பெற்றோர் உணர்ந்தனர். 1945-இல் இலங்கையில் இலவசக் கல்வி அறிமுகமானதால் வந்த உயர்வாக இது இருக்கலாமே என்று கேட்கலாம். இலவசக் கல்வி சிறுவர்களுக்கும் கிடைத்தது. பேறுகால ஆபத்தோ அவர்களுக்குக் கிடையாது. ஆகவே ஆய்வாளர்கள் சிறுமிகளின் படிப்பைச் சிறுவர்களின் படிப்போடு ஒப்பிட்டனர். மரண விகிதம் மிகுதியாகக் குறைந்த மாவட்டங்களையும் அவ்வளவாகக் குறையாத மாவட்டங்களையும் அருகருகே வைத்தும் பார்த்தனர். பெண்களின் எழுத்தறிவு 2.5 சதவீதமும், அவர்கள் படித்த ஆண்டுகளின் எண்ணிக்கை 4 சதவீதமும் உயர்ந்தது, பேறுகால மரணம் குறைந்ததன் பயன் என்று தெளிந்தது.

எண்கள் சிறியவையாகத் தோன்றலாம். ஆனால், கல்வித் துறை ஒரு காசும் செலவிடாமல் கிடைத்த உயர்வு இது. மருத்துவமனையின் பேறுகால அறை, அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தின் வருகைப் பதிவேட்டை மாற்றியிருக்கிறது. 2020-க்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், தெற்கு சூடான், சாட், நைஜீரியா ஆகிய நாடுகளில் லட்சம் பிரசவங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தனர். அந்நாடுகளில் தாய்மார் நலத்துக்கான நிதி வெட்டப்படும்போது, வெட்டப்படுவது சிறுமிகளின் கல்வியும்தான்.

மகனை ஏன் நாடுகிறார்கள்?

2015-இல் எழுதிய விரிவான ஆய்வுரை ஒன்றில், வளரும் நாடுகளின் பாலினப் பாகுபாட்டுக்கு வறுமை ஓரளவே காரணம் என்றார் சீமா. இயந்திரங்களும் சேவைத் துறையும் வளரும்போது உடல் வலுவின் மதிப்பு குறைந்து, பெண்களின் உழைப்புக்கு இடம் கிடைக்கும். அந்த அளவில் வளர்ச்சி உதவும். ஆனால், இந்தியா போன்ற நாடுகளில் வளர்ச்சி எளிதில் தொடாத சில வழக்கங்கள் உள்ளன. திருமணமான மகள் கணவன் வீட்டுக்குச் செல்கிறாள். மகன் பெற்றோருடன் தங்கி முதுமையில் அவர்களைக் காக்கிறான். சொத்து மகன் வழியே இறங்குகிறது. மகளுக்கு வரதட்சிணை கொடுக்க வேண்டியிருக்கிறது. கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்கிறது சடங்கு. இந்த ஏற்பாட்டுக்குள் நின்று பார்க்கும் பெற்றோருக்கு மகன் முதுமைக் காப்பீடாகவும் மகள் பிறர் வீட்டுச் செல்வமாகவும் தெரிவதில் வியப்பில்லை.

எனவே, ஓர் இழையை மட்டும் இழுத்தால் முடிச்சு மேலும் இறுகக் கூடும். மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் சம உரிமை அளிக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-லேயே இயற்றியது. 2005-இல் அது நாடு முழுமைக்குமானது. மகத்தான சீர்திருத்தம் அது. ஆனால், மாநிலங்களில் இச்சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, முதல் குழந்தை மகளாகப் பிறந்த குடும்பங்களில் பாலினத் தேர்வு கூடியதாக சோனியா பலோத்ரா, ரேச்சல் புரூலே, சஞ்சாரி ராய் ஆகியோரின் 2020 ஆய்வு கண்டறிந்தது. சட்டம் சொத்தைப் பங்கிட்டது. பெற்றோரை யார் பார்த்துக்கொள்வது என்ற வழக்கம் அப்படியே நின்றது. மகளுக்குக் கொடுக்கும் சொத்து குடும்பத்தைவிட்டுப் போகும் சொத்தாகவே பெற்றோரின் கண்ணுக்குத் தெரிந்தது. இதற்காகச் சட்டத்தைப் பின்வாங்க வேண்டும் என்று எவரும் சொல்லமாட்டார்கள். அதைத் தாங்கி நிற்க வேண்டிய மற்ற தூண்களையும் எழுப்ப வேண்டும் என்பதே பாடம்.

வகுப்பறையில் ஒரு தொடக்கம்

எண்ணங்களை நேரடியாக மாற்ற முடியுமா? தீவா தர், தருண் ஜெயின் ஆகியோருடன் இணைந்து சீமா இதைச் சோதித்துப் பார்த்த இடமும் ஹரியாணாதான். 314 அரசுப் பள்ளிகள், ஏறத்தாழ 14,000 மாணவர்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். குலுக்கலில் தேர்வான பள்ளிகளில் 'பிரேக்த்ரூ' என்ற தன்னார்வ அமைப்பு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, பாலினச் சமத்துவம் குறித்த உரையாடல்களை நடத்தியது. வீட்டு வேலையை யார் செய்கிறார்கள், ஏன் அவர்கள் மட்டும் செய்கிறார்கள், தங்கையின் படிப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பன போன்றவற்றை மாணவர்களும் மாணவிகளும் சேர்ந்தே பேசினர்.

2022-இல் வெளியான முடிவின்படி, பிற்போக்கான கருத்துகளில் 16 சதவீதம் மாறின. திட்டம் முடிந்து இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் கேட்டபோதும் அந்த மாற்றம் நிலைத்திருந்தது. வீட்டு வேலைகளில் முன்பைவிட அதிகமாக உதவுவதாக மாணவர்கள் கூறினர். இவையெல்லாம் மாணவர்கள் தம்மைப் பற்றித் தாமே சொன்னவை. நடத்தையை வேறு வழிகளில் அளந்தபோது சான்று அவ்வளவு வலுவாக இல்லை என்பதை ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கின்றனர். மாணவிகளின் கனவுகளில் பெரிய மாற்றமில்லை; அவை ஏற்கெனவே உயரத்தில்தான் இருந்தன. அவற்றை நனவாக்கும் அதிகாரமே அவர்களிடம் இல்லை. அதனால்தான் அதே வகுப்பறையில் மாணவர்களும் அமர்ந்திருப்பது இன்றியமையாததாகிறது.

கணக்கை மாற்றும் வழி

இந்த ஆய்வுகளை ஒருசேரப் பார்க்கும்போது ஒன்று துலங்குகிறது. மகள்கள் இழக்கப்படுவது பெரும்பாலும் கொடியவர்களின் கையால் அன்று. தமக்கு முன்னே இருக்கும் வழிகளுள் தமக்கு நல்லதெனத் தோன்றுவதைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரின் கையால். ஆகவே, 'பெண் குழந்தையைப் போற்றுவோம்' என்று சுவரில் எழுதுவதால் மட்டும் பயனில்லை. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தேவையானதே. ஆனால், அது கணக்கின் விடையைத் தடுக்கப் பார்க்கிறதே தவிர, கணக்கை மாற்றுவதில்லை.

கணக்கை மாற்றுவது முதுமையின் பாதுகாப்பிலிருந்து தொடங்க வேண்டும். 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியோருக்கான தேசிய ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய். மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துக் கொடுத்தாலும், மகனின் கையை எதிர்பாராமல் வாழ அது போதாது. முதுமைக்கு மகனே ஒரே காப்பீடு என்ற நிலை நீடிக்கும்வரை, மகன் மீதான ஆசையை அறிவுரையால் கரைத்துவிட முடியாது. மணமான மகளும் பெற்றோரைப் பேணுவது இயல்பென ஆக வேண்டும். அதற்கு அவள் கையில் வருமானம் இருக்க வேண்டும். அவளுக்கு வேலை கிடைக்க வேண்டும். பேறுகாலக் கவனிப்பு ஒவ்வொரு பிரசவத்திலும் ஒரே தரத்தில் கிடைக்க வேண்டும்; இரண்டாவது, மூன்றாவது குழந்தையைச் சுமக்கும் தாயை அங்கன்வாடி ஊழியர் தனிக் கவனத்தோடு தேடிச் செல்ல வேண்டும். பாலினச் சமத்துவம் பள்ளிப் பாடவேளையில் ஓர் இடத்தைப் பெற வேண்டும்.

பொருளாதார வளர்ச்சி இவற்றுக்கெல்லாம் வேண்டிய வளத்தைத் தரும். அந்த வளத்தை வீட்டுக்குள் யார் தட்டில் எவ்வளவு இடுவது என்பதை அது தீர்மானிக்காது. தேசியக் கணக்கேட்டில் பதிவாகாத அந்தப் பங்கீட்டில்தான் நம் மகள்கள் தொலைந்துகொண்டிருக்கிறார்கள்; அவர்களை மீட்கும் வேலையும் அங்கேதான் நடந்தாக வேண்டும்.